உவர் ஏரிக்கரை மீன்பண்ணைக்கு ஓர் உலோகப் பரிசோதனைச் சேவை: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கடந்த 14 மாதங்களாக எங்கள் மீன்பண்ணையின் நீர், வண்டல், மீன் ஆகிய மூன்றையும் ஒரே தனியார் ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதித்து வருகிறோம். ஆய்வகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல. இதே சேவையை விற்கும் வேறு இரண்டு ஆய்வகங்களின் மாதிரி அறிக்கைகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தபோது அவையும் அச்சு மாறாமல் இதே குறைகளோடுதான் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான்கு இடங்களில் எடுத்த நீரில் எட்டு உலோகங்களை அளந்து தருவது அடிப்படைத் தொகுப்பு; வண்டலும் மீனும் தனிக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. அளவீட்டில் இந்தச் சேவையைக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. அளந்த எண்ணுக்கு அவர்கள் எழுதும் தீர்ப்பில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

எங்கள் பண்ணை, பாலைநிலத்துப் பள்ளம் ஒன்றில் பாசன வடிகால் நீர் தேங்கி உருவான ஏரியின் கரையில் இருக்கிறது. இத்தகைய ஏரிகளுக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, எகிப்தின் ஃபையூம் பகுதியிலுள்ள வாதி எல் ரயான். அங்கே 1973 முதல் வேளாண் வடிகால் நீரை மேற்குப் பாலைவனத்துப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டதில் இரண்டு ஏரிகள் உண்டாயின. மேல் ஏரியின் நீர் அருவிகளாக விழுந்து கீழ் ஏரிக்குப் போகிறது. 1989-இல் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்ட பிறகும் மேல் ஏரியை ஒட்டி மீன்பண்ணைகள் நடக்கின்றன. கீழ் ஏரியோ வரத்து குறைந்து சுருங்கி உவர்ப்பேறிவிட்டது. எங்கள் ஏரி அளவில் அதைவிட மிகச் சிறியது என்றாலும் அமைப்பு அதே மாதிரிதான்: வடிகாலிலிருந்து ஏரிக்கு நீர் வருகிறது, ஏரியிலிருந்து நாங்கள் குளங்களுக்கு எடுக்கிறோம், குளத்தின் கழிவுநீர் திரும்பவும் ஏரிக்கே போகிறது.

ஏரிக்கு வந்த நீர் வெளியேற வெயிலைத் தவிர வேறு வழி இல்லை. நீர் ஆவியாகிப் போகும். அதோடு வந்தது இங்கேயே நின்றுவிடும். இதைக் கேட்டதும் உப்பைப் போலவே ஈயமும் காட்மியமும் நீரில் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் உப்பு நீரிலேயே கரைந்து கிடக்கும் குணமுடையது. ஈயம், செம்பு, காட்மியம், துத்தநாகம் போன்றவை களிமண் துகள்களிலும், இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகளிலும், மட்கிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். பி.எச். 8-க்கு மேல் நிற்கும் காரநீர் ஏரிகளில் இந்தப் படிவு இன்னும் எளிதாக நடக்கும். ஆகவே மேல்நீரில் உலோகம் குறைவாக இருக்கிறது என்பதைக் கொண்டு ஏரி தூய்மையானது என்று சொல்லிவிட முடியாது; உலோகம் முழுவதும் சேற்றுக்குள் இறங்கிவிட்டிருந்தாலும் அறிக்கையில் அதே குறைந்த எண்தான் வரும். அடிநீரில் உயிர்வளி தீரும்போது அந்த ஆக்சைடுகள் கரைந்து, பிடித்து வைத்திருந்ததை மீண்டும் நீருக்குள் விடும். ஆழமில்லாத ஏரியில் இரண்டு நாள் பலத்த காற்று அடித்தால் சேறு முழுவதும் கலங்கி மேலே வரும். இந்த அறிவு இல்லாமல் அறிக்கையைப் படித்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெட்டியைப் பற்றி. கட்டணம் செலுத்திய ஒரு வாரத்தில் குளிர்காப்புப் பெட்டி ஒன்று வந்தது. அமிலத்தில் கழுவி உலர்த்திய பாலித்தீன் குப்பிகள், பாதரசத்துக்கென்று தனியாகக் கண்ணாடிக் குப்பிகள், துளை 0.45 மைக்ரான் அளவுள்ள வடிகட்டிகள், ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சுகள், சிறு குமிழ்களில் நைட்ரிக் அமிலம், மாவு பூசாத கையுறைகள், மேலும் ஆய்வகத்தின் தூயநீர் நிரப்பிய ஒரு குப்பி. பாதரசத்துக்கு வேறு குப்பி கொடுத்ததைப் பார்த்ததுமே இவர்களுக்குத் தொழில் தெரியும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. பாதரசம் சாதாரண பாலித்தீன் குப்பிக்குள் நிலைத்து நிற்காது என்பதையும், மற்ற உலோகங்களுக்கு 6 மாதம் வரை மாதிரி தாங்கும் என்றால் பாதரசத்துக்கு 28 நாள்தான் கணக்கு என்பதையும் அறிந்தவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாள் அதே தரத்தில் இல்லை. வடிகட்டுவதும் அமிலம் சேர்ப்பதும் இரண்டு தனித்தனிப் பத்திகளில் எழுதப்பட்டிருந்தன. எது முன், எது பின் என்று சொல்லப்படவில்லை. எங்கள் பையன் அமிலத்தை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு வடிகட்டினான். அமிலம் பட்டதும் துகள்களில் ஒட்டியிருந்த உலோகமெல்லாம் கரைந்துவிடும். அதன்பின் வடிகட்டினால் கரைந்த உலோகம், மொத்த உலோகம் என்ற வேறுபாடே இல்லாமல் போய்விடும். முதல் அறிக்கையில் அந்த இரண்டு நிரல்களிலும் ஏறத்தாழ ஒரே எண்கள் வந்து நின்றபோதுதான் எங்களுக்கு ஐயம் வந்தது. மீனின் செவுளைத் தாக்குவது பெரும்பாலும் கரைந்த பகுதிதான் என்பதால் அந்த வேறுபாடு இல்லாத அறிக்கை எங்களுக்குப் பாதிப் பயன்தான். தாளில் ஒரே ஒரு வரி, 'வடிகட்டிய பின்னரே அமிலம்' என்று தடித்த எழுத்தில் இருந்திருந்தால் போதும்.

இரண்டாவது பிழை முழுக்க எங்களுடையது. நான்கு இடங்களிலும் துத்தநாகம் வழக்கத்துக்கு மாறாக ஏறியிருந்தது. வடிகால் வாயிலிலும், நடு ஏரியிலும், குளத்திலும், ஆழ்துளைக் கிணற்றிலும் ஒரே மாதிரி ஏறியிருப்பது இயற்கையில் நடக்கக் கூடியதில்லை. தூயநீர்க் குப்பியைக் கொண்டு செய்த வெற்று மாதிரிதான் குட்டை உடைத்தது: அதிலும் துத்தநாகம் இருந்தது. குப்பிகளைக் கழுவ நாங்கள் எடுத்துச் சென்றது துத்தநாக முலாம் பூசிய இரும்பு வாளி. களத்துக்கு எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவரும் அந்த ஒரு குப்பித் தூயநீருக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதால் பலரும் அதை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள் என்று ஆய்வகத்தார் சொன்னார்கள். நான் வேறு எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்க மாட்டேன். இப்போது படகின் முனையில் அமர்ந்து, காற்றுக்கு எதிர்ப்புறமாகக் கையை நீட்டி, குப்பியை அதே நீரில் மூன்று முறை அலசி, முழங்கை ஆழத்தில் மூடியைத் திறந்து நிரப்புகிறோம். வாளி கரையிலேயே இருக்கிறது.

அளவீட்டு அறைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் விசாரிக்காமல் விடவில்லை. எங்கள் ஏரியில் லிட்டருக்கு ஏறக்குறைய 12 கிராம் உப்பு இருக்கிறது. இத்தகைய நீரை, அணுக்களை நிறையால் பிரித்து உலோகங்களை அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அப்படியே விட முடியாது. கரைந்த பொருள் 0.2 விழுக்காட்டுக்கு மேல் போனால் கருவியின் கூம்புகளில் உப்பு படிந்து அளவு நழுவும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆர்சனிக். கருவியின் ஆர்கான் வாயுவும் நீரிலுள்ள குளோரைடும் சேர்ந்து உண்டாகும் துணுக்கின் நிறை 75. ஆர்சனிக்கின் நிறையும் 75. உவர்நீரில் இல்லாத ஆர்சனிக்கை இருப்பதாகக் காட்டுவது இந்த ஒற்றுமைதான். இதை எப்படிக் கையாள்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். பேசிய வேதியியலாளர் தயங்காமல், "அந்தப் போலித் துணுக்குகளை ஹீலியத்தோடு மோதவிட்டுக் களையும் மோதல் அறை வழியாகத்தான் விடுகிறோம் ஐயா, கூடவே உங்கள் மாதிரியிலேயே தெரிந்த அளவு ஆர்சனிக்கைச் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்றும் பார்த்துவிடுவோம்" என்றார். அந்த மீட்பு விழுக்காட்டை அடுத்த அறிக்கையிலிருந்து இணைப்பாகவும் அனுப்புகிறார்கள். கேட்டால்தான் தருகிறார்கள் என்பது குறை. கேட்டதும் தந்தார்கள் என்பது நிறை.

ஆனால் உப்பைக் குறைக்க மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்தால் கண்டறியும் எல்லையும் பத்து மடங்கு உயரும். எங்கள் ஏரிநீருக்கான அறிக்கையில் காட்மியத்துக்கு நேராக 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. அடிக்குறிப்பில், கண்ணாடி போட்டும் சிரமப்பட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், கண்டறியும் எல்லை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று இருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016-இல் நன்னீர் உயிரினங்களுக்கு வகுத்த நீண்டகால எல்லை, கடினத்தன்மை (நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராம் உள்ள நீரில், 0.72 மைக்ரோகிராம். எங்கள் நீர் அதைவிடக் கடினமானது, உவர்ப்பும் கூடியது என்பதால் அந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாதுதான். என்றாலும் 5-க்குக் கீழே எதையும் பார்க்க முடியாத ஒரு முறையை வைத்துக்கொண்டு காட்மியம் இல்லை என்று எழுதினால், படிப்பவர் அதைப் பூச்சியம் என்றே படிப்பார். எங்கள் மேலாளர் அப்படித்தான் படித்தார். முதலீட்டாளருக்கு அனுப்பிய குறிப்பில் 'காட்மியம்: 0' என்றே தட்டச்சு செய்துவிட்டார். பாஸ்பேட் உரத்தில் இயல்பாகவே காட்மியம் கலந்திருக்கும். பாசன வடிகாலை நம்பிய ஏரியில் தவறவிடக் கூடாத உலோகம் அதுதான். இப்போது காட்மியத்துக்கு மட்டும் உப்பை நீக்கிச் செறிவாக்கும் கூடுதல் முறையைக் கேட்டு வாங்குகிறோம். அதற்கு இரண்டு வாரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

இப்போது என் முதன்மையான குறைக்கு வருகிறேன். அறிக்கையின் கடைசி நிரலின் தலைப்பு 'முடிவு'. ஒவ்வோர் உலோகத்துக்கும் நேராக அதில் 'ஏற்கத்தக்கது' என்றோ 'ஏற்கத்தக்கதன்று' என்றோ அச்சாகியிருக்கும். எதை வைத்து இந்த முடிவுக்கு வருகிறார்கள் என்று தேடினால், அது உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி. மனிதன் குடிப்பதற்கு வகுத்த எல்லையை, நீருக்குள்ளேயே மூச்சுவிடும் உயிருக்குப் பொருத்துகிறார்கள். ஆர்சனிக், ஈயம் போன்றவற்றில் இந்தத் தவறு பெரிதாக வெளியே தெரியாது. செம்பில் தெரியும். குடிநீரில் செம்புக்கான எல்லை லிட்டருக்கு 2,000 மைக்ரோகிராம். அமெரிக்க முகமையின் கடினத்தன்மைச் சூத்திரப்படி, கடினத்தன்மை 100 உள்ள நன்னீரில் கரைந்த செம்பின் குறுகியகால எல்லை ஏறக்குறைய 13 மைக்ரோகிராம். நீண்டகால எல்லை 9. இரண்டு அளவுகோல்களுக்கும் இடையே நூறு மடங்குக்கும் மேலான தூரம்.

இந்தத் தூரத்துக்குள்தான் எங்கள் குஞ்சுகள் விழுந்தன. குஞ்சுப் பொரிப்பகத் தொட்டிகளுக்கு ஏரிநீர் ஆகாது என்று, ஆழ்துளைக் கிணற்று நீரை எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் உப்பு நீக்கி விடுகிறோம். அந்த நீர் மிக மென்மையானது. சுண்ணமும் இல்லை, காரத்தன்மையும் இல்லை. ஒருநாள் காலையில் மூன்றாம் தொட்டியில் திலேப்பியாக் குஞ்சுகள் நீர் விழும் குழாய்க்கு எதிர்மூலையில் கும்பலாக ஒதுங்கி, மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. உயிர்வளி மானியில் குறையே இல்லை, அம்மோனியாவும் இல்லை. மாலைக்குள் தொட்டியின் அடியில் வெண்மையாக ஒரு படலம் போலக் கிடந்தன. நீரை அவசர மாதிரியாக அனுப்பினோம். நான்காம் நாள் அறிக்கை வந்தது: செம்பு 61 மைக்ரோகிராம், முடிவு 'ஏற்கத்தக்கது'. எட்டு உலோகங்களுக்கும் அதே சொல். அந்தத் தாளை நம்பி நாங்கள் மேலும் ஒன்பது நாள் தீவனத்திலும் நோயிலும் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

செம்பு, மீனின் செவுளில் சோடியம் உள்ளே போகும் வழியை அடைக்கும். கால்சியம் மிகுந்த நீரில் அந்த இடங்களுக்குக் கால்சியமும் போட்டியிடுவதால் செம்பின் வலு குறையும். அதே சூத்திரத்தில் கடினத்தன்மையை 300 என்று வைத்தால் 13 என்பது ஏறக்குறைய 38 ஆக உயரும். கரைந்த கரிமப் பொருளும் செம்பைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அம்முகமை 2007-இல் பி.எச்., கரிமப் பொருள், கால்சியம், சோடியம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் முறைக்கு மாறச் சொன்னது. உப்பு நீக்கிய நீரில் இந்தக் காவல் எதுவும் இல்லை. 61 என்ற அதே எண் எங்கள் ஏரியில் வந்திருந்தால் கவலைப்படலாமா வேண்டாமா என்று விவாதித்திருக்கலாம். பொரிப்பகத்தில் அது கொலை. அறிக்கையிலோ கடினத்தன்மைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

காரணம் எளிமையாகத்தான் இருந்தது. மூன்றாம் தொட்டியின் அடைப்பான் பித்தளை. மென்மையான நீர் பித்தளையை அரிக்கும். இரவு முழுவதும் குழாயில் தேங்கி நின்ற நீர்தான் காலையில் முதலில் தொட்டிக்குள் விழுந்தது. அடைப்பானைத் திறந்தவுடன் பிடித்த நீரையும் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த நீரையும் தனித்தனியே அனுப்பியதில் முன்னதில் செம்பு ஏறியும் பின்னதில் மிகக் குறைந்தும் வந்தது. பிளாஸ்டிக் அடைப்பானை மாற்றினோம், உப்பு நீக்கிய நீரில் கொஞ்சம் ஏரிநீரைக் கலந்து கடினத்தன்மையை உயர்த்தினோம், சாவு நின்றது. இந்த இரட்டை மாதிரி யோசனையைச் சொன்னவர் அதே வேதியியலாளர்தான் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வகத்துக்குள் இந்த அறிவு இருக்கிறது. அச்சிட்டு அனுப்பும் தாளுக்குள்தான் அது வந்து சேரவில்லை.

அதே காரணத்தால் பாசி கொல்ல மயில்துத்தம் (செம்பு சல்பேட்) போடுகிற பண்ணையாளர்கள் இந்த அறிக்கையை இன்னும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். மொத்தக் காரத்தன்மையை 100-ஆல் வகுத்து வரும் எண்ணே, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் மயில்துத்தம் போடலாம் என்பதற்கான பழைய கைக்கணக்கு. அதில் கால்பங்கு செம்பு. காரத்தன்மை 50-க்குக் கீழே உள்ள குளத்தில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. கணக்குக்கு வேண்டிய காரத்தன்மை இந்தத் தொகுப்பில் கிடையாது என்பது ஒருபுறம் இருக்க, போட்ட செம்பு சில நாளில் நீரிலிருந்து மறைந்துவிடுவதைப் பார்த்து மனம் ஆறுகிறவர்கள், அது குளத்தின் அடியில்தான் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேர்கிறது என்பதை வண்டல் பரிசோதனையில் மட்டுமே காண முடியும்.

வண்டலுக்கு அவர்கள் தரும் பை நல்லதுதான். எங்கிருந்து, எப்படிப்பட்ட சேற்றை எடுக்க வேண்டும் என்ற குறிப்புதான் இல்லை. கரையோர மணலையும் நடு ஏரிக் களிச்சேற்றையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடியாது. உலோகம் ஒட்டுவது நுண்துகளில். மணல் கூடினால் எண் தானாகக் குறையும். முதல் முறை கரையில் எடுத்தோம், அழகான அறிக்கை வந்தது. இரண்டாம் முறை படகில் போய் நடுவில் எடுத்தோம், ஈயம் இரண்டு மடங்குக்கும் மேல் காட்டியது. மூன்று மாதத்தில் ஏரி கெட்டுவிடவில்லை; நாங்கள் இடம் மாறியிருந்தோம். 63 மைக்ரான் சல்லடையில் சலித்த நுண்பகுதியை மட்டும் அளந்து தரும்படி எழுதிக் கேட்டபின் எண்கள் ஒன்றோடொன்று பேசத் தொடங்கின.

மீன் பரிசோதனையில் நேர்ந்தது வேறு வகை அதிர்ச்சி. தசையில் காட்மியம் கிலோவுக்கு 0.12 மில்லிகிராம் என்று வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மீன்களின் தசைக்கு வைத்திருக்கும் எல்லை 0.05, ஈயத்துக்கு 0.30. வாங்குபவருக்கு அந்தத் தாள் போயிருந்தால் ஒப்பந்தம் அன்றோடு முடிந்திருக்கும். பதறிப்போய் விசாரித்ததில், அவர்கள் மீனை உலர்த்திப் பொடித்து அளந்து, உலர் எடைக்கே எண்ணைக் கொடுத்திருந்தார்கள். மீன் சதையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு நீர். சட்ட எல்லைகள் ஈர எடைக்கு உரியவை. நீரைக் கணக்கில் சேர்த்தால் 0.12 என்பது 0.03-க்கோ அதற்கும் கீழேயோ வந்துவிடுகிறது. ஈரமா உலர்வா என்ற ஒரே ஒரு சொல்லை அலகுக்குப் பக்கத்தில் எழுதாததால் வந்த வினை இது. இப்போது ஈரப்பத விழுக்காட்டையும் சேர்த்து அச்சிடுகிறார்கள்.

தசையோடு கல்லீரலையும் தனியே அனுப்பும்படி இதே சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்குச் சொல்வேன். தசை விற்பனைக்குச் சான்று. கல்லீரலும் சிறுநீரகமும் செவுளும் பண்ணையின் நாட்குறிப்பு. செம்பு கல்லீரலிலும், காட்மியம் சிறுநீரகத்திலும் கல்லீரலிலும் சேரும். பாதரசம் மட்டும் மெத்தில் வடிவில் தசையிலேயே தங்கும். பாசியும் தீவனமும் தின்னும் திலேப்பியாவில் அது பொதுவாகக் குறைவு, பிற மீன்களைத் தின்னும் மீன்களில் கூடுதல். தசை அறிக்கையில் பின்னால் தெரியவிருப்பது பெரும்பாலும் கல்லீரலில் முன்பே தெரியும்.

அடிப்படைத் தொகுப்பிலுள்ள எட்டு உலோகங்களின் பட்டியல் தொழிற்சாலைக் கழிவுநீருக்காகத் தயாரித்தது என்று பார்த்தவுடனேயே சொல்லிவிடலாம். செலினியம் அதில் இல்லை. பாசன வடிகாலில் பிறந்த பாலைநில ஏரிக்குச் செலினியம் இல்லாத பட்டியல், உப்பில்லாத ஊறுகாய் போல. கலிஃபோர்னியாவின் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்தில் 1983-இல் நீர்ப்பறவைகளின் முட்டைகளுக்குள் கண்ணும் காலும் உருக்குலைந்த கருக்களைக் கண்டபோது, காரணமாக இருந்தது அங்கு வந்து சேர்ந்த வேளாண் வடிகால் நீரின் செலினியம்தான். வறண்ட நிலத்து மண்ணிலிருந்து பாசனம் அதைக் கழுவி எடுத்தது. தேக்கம் அதைச் செறிவாக்கியது. காரத்தன்மையும் உயிர்வளியும் உள்ள நீரில் செலினியம் ஈயத்தைப் போல உடனே சேற்றில் இறங்காது. கரைந்தே இருந்து, பாசி வழியாக, புழு வழியாக, மீனின் முட்டைக்குள் ஏறும். அமெரிக்க முகமை 2016-இல் வகுத்த எல்லையில் முதலிடம் மீன் முட்டைக்கே: உலர் எடையில் கிலோவுக்கு 15.1 மில்லிகிராம், தேங்கிய நீருக்கு லிட்டருக்கு 1.5 மைக்ரோகிராம். ஆர்சனிக்குக்கும் இதே குணம் உண்டு; கலிஃபோர்னியாவில் காரமும் உப்பும் மிகுந்த மோனோ ஏரியில் அது லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் மேல் நீரிலேயே கரைந்து கிடக்கிறது. நல்ல வேளையாக எங்கள் தொகுப்பில் ஆர்சனிக் இருந்தது. செலினியத்தைத் தனியே சேர்க்கச் சொல்லி மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் நிறப்பட்டைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதிகம் எழுத ஒன்றுமில்லை. பச்சை கலந்த ஏரிநீரில் பட்டையின் நிறம் எதுவென்று இரண்டு பேர் ஒத்துப்போவதே கடினம். மயில்துத்தம் கரைத்த தொட்டியில் செம்பு தவறாக ஏறிவிட்டதா என்று பார்க்க உதவும், மைக்ரோகிராம் அளவுக்கு உதவாது.

உயிர்வளி மானியும் பி.எச். மானியும் அப்படியல்ல. இந்த ஆய்வகச் சேவையை வாங்கும் முன் அவை இரண்டும் கையில் இருக்க வேண்டும். மீன் செத்ததும் உலோகத்தைப் பழிக்கிற பழக்கம் எங்களிடையே மிகுதி. கலிஃபோர்னியாவின் சால்டன் சீ, கொலராடோ ஆறு உடைத்துக்கொண்டு 1905 முதல் 1907 வரை பாலைப் பள்ளத்தில் நிரம்பியதால் உண்டான ஏரி, பின்னர் பாசன வடிகாலால் வாழ்ந்தது. அங்கே 1999 ஆகஸ்டில் ஒரே நாளில் சுமார் 76 லட்சம் மீன்கள் செத்து மிதந்தபோது காரணமாகச் சொல்லப்பட்டது உயிர்வளிக் குறைவு. குளத்தில் பிற்பகலில் பாசியின் வேலையால் பி.எச். 9-ஐத் தொடும்போது அம்மோனியாவின் முகமும் மாறிவிடும்: 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 8-இல் மொத்த அம்மோனியாவில் ஏறக்குறைய 5 விழுக்காடு நச்சு வடிவில் இருக்கும். 9-இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஒரே இரவில் குளம் முழுவதும் செத்தால் மானியை எடுக்க வேண்டும். வளர்ச்சி குன்றி, முட்டை பொரியாமல், காரணம் புரியாமல் மாதக்கணக்கில் இழுத்தால்தான் இந்த ஆய்வகத்துக்குப் போக வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த இரும்பு காற்றுப் பட்டதும் துருவாகிச் செவுளில் படிவதைக் கண்டறியக்கூட முதலில் ஒரு வெள்ளைக் கிண்ணம் போதும். ஓரிரு மணி நேரத்தில் அடியில் செம்மஞ்சள் படிந்துவிடும்.

சேவையின் மற்ற அம்சங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெட்டி ஒருமுறைகூட உடைந்து வரவில்லை. சாதாரண அறிக்கை 12 முதல் 15 வேலை நாளில் வருகிறது. அவசர மாதிரிக்கு நான்கு நாள் என்ற வாக்கை இரண்டு முறையும் காப்பாற்றினார்கள். அறிக்கை அச்சுத்தாளாகவும் பூட்டிய கோப்பாகவும்தான் வருகிறது, எண்களை எடுத்து வரைபடம் போட மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. 14 மாத எண்களை வரிசையாக வைத்துப் பார்ப்பதுதான் இந்தச் செலவின் முழுப் பயன் என்னும்போது இது சிறிய எரிச்சல் அல்ல. ஒரே மாதிரியை வேறு பெயரில் இரண்டு குப்பியில் அனுப்பிச் சோதித்தேன். எட்டில் ஏழு உலோகங்கள் நெருக்கமாக ஒத்து வந்தன, பாதரசம் சற்று விலகியது, அதுவும் மிகக் குறைந்த அளவில்.

ஒப்பந்தத்தை இன்னோர் ஆண்டுக்கு நீட்டித்திருக்கிறேன். அளவுக்கு இவர்களை நம்புகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே கடினத்தன்மை, காரத்தன்மை, கரைந்த கரிமப் பொருள், செலினியம் ஆகியவற்றைக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த மாதிரிக்கு உரிய கண்டறியும் எல்லையை அச்சிடச் சொல்ல வேண்டும். வெற்று மாதிரியை விடக் கூடாது. குடிநீர் அளவுகோலை நீக்கும்படி நான் எழுதிய கடிதத்துக்கு, மென்பொருளில் அந்த நிரல் நிலையானது, மாற்ற இயலாது என்று பதில் வந்தது. சென்ற வாரம் வந்த அறிக்கையிலும் எட்டு இடத்தில் 'ஏற்கத்தக்கது' இருக்கிறது. பொரிப்பகத்துச் சுவரில் ஒட்டுவதற்கு முன் அந்த நிரலை மட்டும் கத்தரித்துவிட்டு ஒட்டினேன்.